ஏரிக்கரைப் பங்கில் வேனிற்கால அறிவிப்பு

கத்தோலிக்கப் பங்குகளில் உபதேசியார் என்று ஓர் உத்தியோகம் உண்டு. குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, நோயாளிகளைப் பார்த்துவந்து சாமியாருக்குத் தெரிவிப்பது, சாமியார் வெளியூர் போயிருக்கும்போது மரணம் நேர்ந்தால் செபங்களைச் சொல்லிப் பிரேதத்தை அடக்கம் செய்விப்பது, திருவிழாக் காலத்தில் கொடிக்கயிறு முதல் கூட்டுப் பந்தி வரை மேற்பார்த்துக்கொள்வது என்று அந்த உத்தியோகத்தின் கடமைகளை விஸ்தரித்துக்கொண்டே போகலாம். ஆயினும், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் அந்த வேலையைப் பார்த்து முதுமையடைந்தவன் என்ற முறையில் என்னை யாராவது, 'உங்கள் தொழிலில் கஷ்டமான பகுதி எது?' என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பீடத்தின் ஓரமாக நின்று ஐந்து நிமிஷ நேரம் அறிவிப்பு வாசிப்பதுதான் என்றே சொல்லுவேன். அதிலும் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தவசுகாலம் முடிந்து ஜூன் கடைசி வரையில் வாசிக்கிற வேனிற்கால அறிவிப்புகளை எழுதுவதற்கு ஒரு தனிப் பயிற்சியே வேண்டும்.

எங்கள் தாய்க்கோயில் மகிமை மாதா கோயில். போர்த்துக்கீசியர் 1515-ஆம் ஆண்டில் எழுப்பியது. அவர்களுக்குப் பின் டச்சுக்காரர் வந்து, 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி முடித்து, 1690-இல் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொள்ளும் வரையில் சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் இந்தச் சிற்றூரிலிருந்தே நிர்வகித்தார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1606-இல் ஏற்பட்ட மயிலாப்பூர் மேற்றிராசனத்தில் சேர்ந்திருந்த பங்கு, 1952-இல் அந்த மேற்றிராசனமும் சென்னை மேற்றிராசனமும் ஒன்றானபோது சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. டச்சுக்காரரின் கல்லறைகள் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. துணி வியாபாரமும் கப்பல்களும் போன இடம் தெரியவில்லை. நிலைத்து நின்றவை ஏரியும், ஏரியை நம்பிய குடிகளும், அந்தக் குடிகளின் கோயில்களும் மசூதிகளுமே. ஆகையால் எங்கள் பங்கின் செய்திகளை எழுதுகிறவன் சரித்திரத்தைக் காட்டிலும் ஏரியைத்தான் அதிகமாகப் படித்திருக்க வேண்டும்.

இந்த ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடியிலுள்ள சிறு பகுதியும் கடலோடு சேரும் முக்கிய முகத்துவாரமும் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. பரப்பு பெரிதே ஒழிய ஆழம் அதிகமில்லை. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தே போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் வடக்கேயுள்ள காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது முகத்துவாரம் அகலத் திறந்துகொள்ளும். தை பிறந்து ஆறுகள் வறண்டபின், கடல் கொண்டுவரும் மணல் அந்த வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்க்கத் தொடங்கி, சில வருஷங்களில் சித்திரை வைகாசிக்குள் அறவே அடைத்துவிடும். இறால் கடலில் முட்டையிடும் பிராணி. அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பருவமடைந்தபின் திரும்பக் கடலுக்குப் போகின்றன. வாய் அடைத்தால் வருகிற குஞ்சுக்கும் வழியில்லை, போகிற இறாலுக்கும் வழியில்லை. தண்ணீர் வெயிலில் வற்றி, கடல்நீரைவிடக் கரிப்பு மிகுந்து, மடவையும் கிழங்கானும் செத்து மிதக்கும். இந்த ஒரு விஷயத்தைக் கொண்டே அந்த வருஷத்துக் கலியாணம், கடன், பள்ளிச் செலவு, திருவிழா வரி ஆகிய எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அதனால் மாசி மாதத்திலிருந்தே நான் வாரத்துக்கு ஒருமுறையேனும் முகத்துவாரம் வரை போய், நீரோட்டம் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துவந்தபிறகுதான் அறிவிப்பு நோட்டை விரிப்பது வழக்கம். புதிதாக வந்த சாமியார் ஒருவர், 'உபதேசியார் எங்கே போயிருக்கிறார்?' என்று கேட்டு, 'அறிவிப்பு எழுத முகத்துவாரத்துக்குப் போயிருக்கிறார்' என்று கோயில்பிள்ளை சொன்ன பதிலைக் கேட்டுச் சிரித்தார்; அந்த வேனில் முடிவதற்குள் அவரே என்னோடு வர ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்த பெரியவர், லத்தீன் பூசைக் காலத்து மனிதர். பூசை முழுவதும் ஜனங்களுக்கு விளங்காத பாஷையில் நடந்த அந்தக் காலத்தில், விளங்குகிற தமிழில் வந்தவை பிரசங்கமும் அறிவிப்புமே என்பதால், அறிவிப்பைப் பிரசங்கத்துக்குச் சமமான கவனத்தோடு அவர் தயாரித்தார். அவர் எனக்கு ஒப்படைத்துப் போன சொத்துகள் இரண்டு. ஒன்று, நீள வாக்கில் திறக்கிற கணக்கு நோட்டு. மற்றொன்று ஒரு விதி. 'அறிவிப்பிலே எவன் பேர் வருதோ, அவன் அதைக் கோயில்லதான் முதல்தடவையா கேட்டான்னு இருக்கக் கூடாது, தம்பி' என்றார். அதன் முழுப் பொருளும் அப்போது எனக்குப் புலப்படவில்லை. வாசிப்பது ஐந்து நிமிஷம் என்றால், அதற்கு முன் குப்பம் குப்பமாக நடக்கிற நடை வாரம் முழுவதும் என்பதையும், அந்த நடைதான் தொழில், வாசிப்பு அதன் முடிவுரை மாத்திரமே என்பதையும் வேலையில் இறங்கியபின் தெரிந்துகொண்டேன்.

வேனிற்கால அறிவிப்பில் முதலிடம் கலியாண ஓலைக்கு. தவசுகாலத்தில் கலியாணம் செய்வதில்லை. ஆடியில் செய்வதைக் கிறிஸ்தவர்களும் விரும்புவதில்லை. ஆகவே உயிர்ப்புத் திருநாளுக்கும் ஆனி முடிவுக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான் குப்பத்துக் கலியாணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். இன்னாருடைய மகன் இன்னாரும், இன்னாருடைய மகள் இன்னாரும் மெய்விவாகம் செய்துகொள்ள விரும்புகிறார்கள், இவர்களுக்கிடையே தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கக் கடவார்கள் என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இதில் தடை என்பது ஏதோ சட்ட வார்த்தை என்று வெளியூரார் நினைக்கலாம். ஒரே குப்பத்துக்குள்ளும் பக்கத்துக் குப்பங்களிலுமே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, யாரைத் தொட்டாலும் மாமன், மச்சான், சித்தப்பன் என்று வருகிற எங்கள் சமூகத்தில் அது நித்திய பிரச்சினை. அத்தை மகளும் மாமன் மகளும் தமிழனுக்கு முறைப்பெண்கள். திருச்சபைச் சட்டத்திலோ அவர்கள் விலக்கப்பட்ட உறவு. மேற்றிராணியாரின் தடைநீக்க உத்தரவு இல்லாமல் தாலி கட்ட முடியாது. 1917-ஆம் வருஷத்துச் சட்டம் இரண்டு விட்ட உறவுகளையும் விலக்கியிருந்தது; 1983-இல் வந்த புதிய சட்டம் அந்த வளையத்தை அத்தை மகள், மாமன் மகள் அளவோடு நிறுத்திக்கொண்டது.

ஆகவே ஓலை கொடுக்க வருகிறவர்களை உட்காரவைத்து, நோட்டின் பின்பக்கத்தில் வமிசாவளி எழுதுவது என் வேலை. மேலே பாட்டனும் பாட்டியும், கீழே மக்கள், அதற்குக் கீழே பேரப்பிள்ளைகள் என்று கோடு கிழித்துக்கொண்டே வந்தால், பெண்ணின் பெயரும் பிள்ளையின் பெயரும் எத்தனை படியில் சந்திக்கின்றன என்பது தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் ஆண்களை விசாரித்துப் பிரயோஜனமில்லை. தகப்பன் வழியைச் சொல்லுவார்கள், தாய் வழியை மறந்துவிடுவார்கள். திண்ணையில் வலைக்கயிறு திரித்துக்கொண்டோ கருவாடு காயவைத்துக்கொண்டோ இருக்கிற ஆயாக்களைக் கேட்டால், காத்திவாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவளின் இரண்டாம் பிரசவம் வரை சொல்லுவார்கள். தடைநீக்க உத்தரவு சென்னையிலிருந்து வரவேண்டும்; அது வருமுன் பந்தற்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற தகப்பன்மார்களுக்காகவே, தவசுகாலத்தின் முதல் ஞாயிறன்று, 'பாஸ்காவுக்குப் பின் கலியாணம் வைத்திருப்பவர்கள் உறவுமுறையை இந்த மாதமே வந்து சொல்ல வேண்டும்' என்று ஓர் அறிவிப்பைச் சேர்த்துக்கொண்டேன். பந்தல் போட்டபின் தேதி தள்ளிப்போவது அதோடு ஏறக்குறைய நின்றது.

ஓலைக்கு அடுத்தது பூசைக் கருத்து. இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகக் கொடுக்கப்படும் பூசைகளை இன்ன நாளில் இன்னாருக்காக என்று வாசிப்பது பார்வைக்கு எளிய காரியம். ஆனால் அர்ச்சியசிஷ்டவர்களின் நாமங்களையே மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிற குப்பத்தில் ஒரு தெருவிலேயே அந்தோணி நாலு பேரும், சவரிமுத்து மூன்று பேரும், மேரி எண்ணற்றவர்களும் இருப்பார்கள். ஊரார் அவர்களைப் பட்டப்பெயரால் பிரித்தறிகிறார்கள். அந்தப் பட்டப்பெயர்களோ பீடத்தருகே நின்று உச்சரிக்கத் தக்கவையல்ல. 'அந்தோணியின் ஆன்மாவுக்காக' என்று மாத்திரம் வாசித்தால், உயிரோடிருக்கிற மூன்று அந்தோணிகளும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே தகப்பன் பெயர், தெரு, செய்த தொழில் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் தேடி, அதை அந்த வீட்டாரிடமே காட்டிச் சம்மதம் பெற்று எழுதுவது வழக்கமாயிற்று. ஒருமுறை ஒரு விதவைத் தாயார் சொன்னாள்: 'வலை பின்றதுல கெட்டிக்காரர்னு போடுங்க உபதேசியாரே. அவரு உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் அதை அவருகிட்ட சொல்லலை.' சாமியாரின் அனுமதியோடு அப்படியே வாசித்தேன்.

வேனில் விடுமுறையில் கோயில் வளாகம் பிள்ளைகளுக்குச் சொந்தம். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் முதன்முறை நற்கருணை வாங்கப்போகிறவர்களுக்கான புதுநன்மை வகுப்பு ஆரம்பமாகும். நான் சிறுவனாக இருந்தபோது சின்னக் குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் புத்தகத்தை வினாவும் விடையுமாக ஒரு சொல் பிசகாமல் நெட்டுருப் பண்ணாதவனுக்கு நற்கருணை கிடையாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் முறை மாறிற்று. படங்களும் பாட்டுகளும் வந்தன. இரண்டு முறையிலும் நன்மை உண்டு என்பதே என் அனுபவம். ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குச் சுவிசேஷம் சொல்லுகிறவனுக்கு ஒரு பாக்கியம்: கெனசரேத்து ஏரியைப் பற்றி வர்ணிக்க வேண்டியதில்லை. இராமுழுவதும் பிரயாசைப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்று இராயப்பர் என்னும் பேதுரு சொல்லுமிடம் வந்ததும், பிள்ளைகள் அனுதாபத்தோடு தலையசைப்பார்கள்; வலை கிழியத்தக்க மீன் என்னும் இடத்தில் மட்டும், 'என்ன மீன் சார்? என்ன வலை?' என்று விசாரணை தொடங்கிவிடும். பையன் ஒருவன், 'வலை கிழிஞ்சுதுன்னா லாபமா நஷ்டமா?' என்று கேட்டான். வலையின் விலையையும் மீனின் விலையையும் வகுப்பே கூடிக் கணக்குப் போட்டு, லாபந்தான் என்று தீர்மானித்தது.

வகுப்பு நேரத்தை அறிவிப்பதிலும் ஏரியைக் கவனிக்க வேண்டும். விடுமுறையில் பத்து வயதுப் பையன் விளையாட்டுப் பிள்ளை மாத்திரமல்லன். தகப்பனோடு தோணியில் போகிறவன், வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் பிரித்தெடுக்கிறவன். இறால் பொறுக்கப் போகும் தாய்மார், கைக்குழந்தையை மூத்த பெண்ணிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். காலை ஒன்பது மணி என்று பட்டணத்துப் பங்குகளைப் போல் நிர்ணயித்தால் பாதி வகுப்பு காலியாயிருக்கும். மீன் ஏலம் முடிந்து, வெயில் ஏறி, எல்லோரும் நிழல் தேடுகிற பதினொரு மணிதான் எங்களுக்குச் சரியான நேரம். தம்பி தங்கைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வரலாம் என்பதை அறிவிப்பிலேயே சேர்த்து வாசித்துவிடுவேன்.

இனித் திருவிழா. மகிமை மாதாவின் பெருநாள் உயிர்ப்புத் திருநாளைத் தொடர்ந்த வாரங்களில் வருகிறது. உயிர்ப்புத் திருநாளோ மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே சந்திரனைப் பின்பற்றி அலைவது. ஏரித் தொழிலின் முறையும் தனிக்கணக்கில் ஓடுவது. பழவேற்காட்டில் ஏரியின் வளமான இடங்களில் நினைத்தவன் நினைத்தபோது வலை போட முடியாது. பாடு என்ற ஏற்பாட்டின்படி, இன்ன நாளில் இன்ன குப்பத்தார், அவர்களுள் இன்ன கட்சியார் என்று முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய குப்பங்கள் நெடுங்காலமாக அப்படி நடத்திவருகின்றன. இந்துக் குப்பமும் கிறிஸ்தவக் குப்பமும் ஒரே முறைக்குக் கட்டுப்பட்டவை. சர்க்கார் சட்டமோ போலீஸோ இல்லாமல் ஏழைகள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட இந்த நீதியைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதில் உரிமை கிடைக்காத சாதியாரின் மனக்குறையும் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை.

தேர்ப்பவனி நடக்கும் இரவில் எங்கள் மாதாகுப்பத்துக்குப் பாடு விழுந்தால் என்ன செய்வது? ஏரிக்குப் போனால் தேரைத் தூக்க ஆளில்லை. தேரைத் தூக்கினால் அந்த முறை வீண். இதற்காகக் கொடியேற்றத்துக்குச் சில வாரம் முன்பே நானும் கிராமத்துப் பெரியவர்கள் இருவரும் மற்றக் குப்பங்களுக்குப் போய் முறைமாற்றம் பேசிவருவோம். அவர்கள் ஆடியில் கூழ் ஊற்றும் நாளில் எங்கள் குப்பத்தார் விட்டுக்கொடுத்ததை நினைவுவைத்திருந்து, மறுபேச்சின்றி ஒப்புக்கொள்வார்கள். அதை அறிவிப்பில், 'இன்ன குப்பத்துச் சகோதரர்கள் தங்கள் முறையை நமக்காக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மாதாவிடம் வேண்டிக்கொள்வோம்' என்று வாசிப்பேன். ஒலிபெருக்கியின் கூம்பு அந்தத் திசையைப் பார்க்கும்படி கட்டியிருக்கும். வேண்டுதலும் நன்றியும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிடும். பவனியன்று அவர்களில் பலர் மெழுகுவர்த்தியோடு தேரின் பின்னால் நடந்து வருவார்கள்.

திருவிழா வரிதான் சங்கடமான விஷயம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கிராமத்தார் கூடித் தீர்மானிப்பது. நவநாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உபயதாரர் தனி. நான் பொறுப்பேற்றபோது, பாக்கிதாரர்களின் பெயரைப் பூசை முடிவில் வாசிக்கும் பழக்கம் அக்கம்பக்கத்துப் பங்குகளில் இருந்தது. பெயர் வாசித்தால் பணம் வரும் என்பது அதை ஆதரித்தவர்களின் வாதம். பணம் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பணம் வட்டிக்காரனிடமிருந்தோ, இறாலைத் தனக்கே போட வேண்டும் என்ற நிபந்தனையோடு முன்பணம் கொடுக்கிற வியாபாரியிடமிருந்தோ வந்தது. கொடுக்க முடியாதவன் அடுத்த ஞாயிறு கோயிலுக்கே வரவில்லை. முகத்துவாரம் அடைத்துக் கிடந்த ஒரு வேனிலில், கிராமக் கூட்டத்தில் நான் முகத்துவாரத்தின் நிலையைச் சொல்லி, வரியைப் பாதியாகக் குறைக்கவும், மீதியை மழை பெய்து வாய் திறந்தபின் கொடுக்கவும், பெயர் வாசிப்பதை நம் பங்கில் ஒருகாலும் தொடங்குவதில்லை என்று எழுதிக்கொள்ளவும் கேட்டேன். வாதப்பிரதிவாதம் நள்ளிரவு வரை நடந்தது. கடைசியில் வயதான சம்சாரி ஒருவர் எழுந்து, 'மாதா கடன் வாங்கித் தேர் ஏறமாட்டாள்' என்றார், அதோடு தீர்ந்தது. அந்த வருஷம் சப்பரத்துக்கு மின்விளக்கு அலங்காரம் குறைவு; ஆள் குறைவில்லை.

சர்க்கார் செய்திகளையும் உபதேசியாரே வாசிக்க வேண்டியிருக்கிறது. 2001 முதல் ஏப்ரல் 15-இல் தொடங்கி நாற்பத்தைந்து நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் ஜூன் 14 வரையில் அறுபத்தொரு நாளாயிற்று. தடை விசைப்படகுகளுக்குத்தான்; ஏரித் தோணிகளுக்கில்லை. காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்போது பட்டணத்தில் மீன் விலை ஏறும். ஏரி மீனுக்கு நல்ல கிராக்கி. அதே சமயத்தில் முகத்துவாரம் அடைத்திருந்தால் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதோடு சரி. தடைக்கால நிவாரணத்துக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும், வங்கிப் புத்தகத்தில் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எளிய தமிழில் எழுதி வாசித்து, பூசைக்குப் பின் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு நிரப்பிக் கொடுப்பதும் உண்டு. வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டாவில் 1971 முதல் ராக்கெட் விடுகிறார்கள். ஏவுகிற நாளில் கடலின் இன்ன பகுதிக்குப் போகலாகாது என்று உத்தரவு வரும். உலகம் வியக்கிற அந்தக் காரியம் எங்கள் நோட்டில், 'புதன்கிழமை கடலுக்குப் போகவேண்டாம்' என்ற ஒற்றை வரியாகத்தான் இடம்பெறும்.

செய்தி சொல்லும் தொழிலின் பாரத்தை நான் முழுவதும் உணர்ந்த இரவு ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆழிப்பேரலை வந்தது. அதன் கதையை அறியாதவர்கள் இல்லை. அந்தப் பயம் தெளியாமலே தவசுகாலம் கழிந்து, 2005 மார்ச் 27-இல் உயிர்ப்புத் திருநாள் கொண்டாடினோம். மறுநாள் திங்கட்கிழமை இரவு சுமத்ராவுக்கு அருகே நியாஸ் தீவில் மறுபடியும் பெரிய பூகம்பம். கரையோர மக்கள் மேட்டுக்குப் போக வேண்டும் என்று அரசாங்கத்தின் எச்சரிக்கை வந்தது. கடலோரக் குப்பங்களிலிருந்து பெண்களும் குழந்தைகளும் பாலத்தின் வழியாக ஓடிவந்தார்கள். 'அலை பாலத்தைத் தாண்டிட்டுதாம்' என்றான் ஒருவன். 'எண்ணூர் முழுகிட்டுதாம்' என்றான் இன்னொருவன். ஒவ்வொருவரும் ஒலிபெருக்கியில் தாங்கள் கேட்டதைச் சொல்லச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் இரண்டே விஷயங்களைச் சொல்லுவதென்று முடிவு செய்தேன்: அதிகாரிகள் சொன்னது என்ன என்பது, எந்தக் குப்பத்தார் எந்த இடத்தில் கூடவேண்டும் என்பது. மற்றவற்றைச் சொல்ல மறுத்துவிட்டு, சிறிது நேரத்துக்கொருமுறை அந்த இரண்டையும் ஒரே சொற்களில், ஒரே குரலில், அவசரப்படாமல் திரும்பத் திரும்ப வாசித்தேன். குப்பவாரியாக ஆட்கள் வந்து, 'எங்க ஆளுங்க எல்லாம் வந்தாச்சு' என்று சொல்லச் சொல்ல அதையும் வாசித்தேன். விடிவதற்குமுன் எச்சரிக்கை விலக்கப்பட்டது, அலை வரவில்லை. அன்று ஜனங்களை அமைதிப்படுத்தியது, அந்தக் குரல் தங்களைப் பற்றித் தங்களுக்குத் தெரியாத எதையும் முன்பு சொன்னதில்லை என்ற பழக்கமே என்று கருதுகிறேன்.

மே மாதம் மாதாவின் வணக்க மாதம். அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் அன்பியங்கள் ஏற்பட்டபின், சாயங்காலம் ஒவ்வொரு வீடாகச் சொரூபத்தைக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லுகிறார்கள். எந்த வீட்டில் எந்த நாள் என்ற பட்டியலை வாசிப்பதற்குமுன், சண்டையிட்டுப் பேச்சில்லாமல் இருக்கும் இரு வீடுகள் அடுத்தடுத்து வரும்படி அமைத்துவிடுவது என்னுடைய சிறு தந்திரம். சொரூபத்தை ஒரு வீட்டார் அடுத்த வீட்டாரிடம் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்கும்போது ஒரு வார்த்தையாவது பேசித்தான் தீரவேண்டும். எல்லா வருஷமும் இது பலித்ததென்று சொல்லமாட்டேன். பலித்த வருஷங்கள் உண்டு. ஜூன் 13 அந்தோனியார் திருநாள். மறுநாளோடு தடைக்காலம் முடிகிறது. மாதக் கடைசியில், 29-ஆம் தேதி, செம்படவராயிருந்து அப்போஸ்தலரான இராயப்பரின் திருநாள். படகையும் வலையையும் மந்திரித்துக் கொடுப்பதற்கான அறிவிப்போடு என் வேனிற்கால நோட்டு முடிவடையும். பள்ளிக்கூடங்களும் அதற்குள் திறந்திருக்கும்.

இப்போது அந்த நோட்டு என்னிடம் இல்லை. புதிய உபதேசியாரிடம் கொடுத்துவிட்டேன். அறிவிப்புகள் ஞாயிறு வருமுன்பே வாட்ஸப்பில் வந்துவிடுகின்றன. இதைப் பழித்துரைப்பவர்களின் கட்சியில் நான் இல்லை. கடலுக்குப் போயிருப்பவனுக்கும், துபாயில் வேலை செய்யும் மகனுக்கும் ஊர்ச் செய்தி உடனே கிட்டுவது பெரிய காரியம். புயல் எச்சரிக்கை கையிலேயே வந்துவிடுவது உயிர் காக்கும் காரியம். ஆனால் மரணமோ, கடனோ, நின்றுபோன கலியாணமோ, அதற்குரிய வீட்டார் அறியுமுன் ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடுவது இப்போது சகஜமாகிவிட்டது. இதற்குப் பரிகாரம் செலவில்லாதது. அறிவிப்பு எழுதுகிற இளைஞர்களை, அவர்கள் எந்தச் சமயத்தினரானாலும், எந்த ஊர்ச் சங்கத்தினரானாலும் சரி, நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: பொத்தானை அழுத்துவதற்குமுன் அந்த வீடுவரை ஒருமுறை நடந்து போங்கள், திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லுங்கள், அவர்கள் சம்மதித்ததை மட்டும் ஊருக்குச் சொல்லுங்கள்.